மாடியில் எலக்ட்ரானிக் தராசு, தோப்பில் இரண்டு செடி: வீட்டுக்காரருக்கு எது குற்றம்?

பாலக்காடு–கோவை எல்லையோரத்திலிருந்து 61 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், கல்லூரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் இல்லை. ஒரே மகன் துபாயில். வீடு வாளையாறுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பத்திரம் மகன் பேரில். கீழே இவர் குடியிருக்கிறார். மாடியில் பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் நான்கு பையன்கள் வாடகைக்கு. பதினோரு மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. அதிலும் ஒருவன்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் இவர் பேரிலேயே மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதை வாய்ப்பேச்சில் ஒருவருக்குப் பாட்டத்துக்கு விட்டிருக்கிறார். மோட்டார் ரூம் சாவி அந்த ஆளிடம்.

மூன்று மாதமாக மனசு சரியில்லை என்கிறார். இரவில் பைக்கில் யாரோ வந்து ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். நான்கு பேரில் யாருடைய பெயரும் இல்லாத கூரியர் பார்சல்கள் வருகின்றன. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனபோது, திறந்திருந்த ஜன்னல் வழியே மேஜைமேல் உள்ளங்கை அகல எலக்ட்ரானிக் தராசும், விரல் நீளத்துக்கு ஜிப் கவர் கட்டும் கண்ணில் பட்டிருக்கின்றன. 12,000 ரூபாய் வாடகையைப் பையன்களே 18,000 ஆக்கி ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். கணவரின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியையும் அவ்வப்போது கேட்டு வாங்கிப் போகிறார்கள். போதாததற்கு, தோப்பில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் வாழைக்கு நடுவே இரண்டு செடி. தேங்காய் போட வந்தவர் “அது கஞ்சாச் செடிங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“அக்ரிமென்ட்ல சட்டவிரோதமா எதுவும் செய்யக்கூடாதுன்னு போட்டிருக்கு, உங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு புரோக்கர் சொல்றாரு. செடியைப் புடுங்கி எரிச்சுட்டு, பசங்க இல்லாத நேரம் பூட்டை மாத்திருன்னு எந்தம்பி சொல்றான். புகார் குடுத்தா மொதக் குத்தவாளி நீதான், வீட்டையே கவர்மென்ட் எடுத்துக்கும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்தறாங்க. பசங்களும் எம்பேரனாட்டந்தான். வீடு எம்பேர்லயும் இல்ல. நான் என்ன பண்றதுங்க?” என்று கேட்கிறார்.

அம்மா, உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரும் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் உங்களைச் சிறைவரை கொண்டுபோகக்கூடியது உங்கள் தம்பி சொன்னது. அதனால் மேற்கொண்டு படிக்கும்முன் ஒன்று: செடியைத் தொடாதீர்கள், பூட்டை மாற்றாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

இடம் கொடுத்தவருக்கும் அதே தண்டனை

போலீஸ், கோர்ட் வட்டாரத்தில் என்.டி.பி.எஸ். என்று சொல்லப்படும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மத்தியச் சட்டம். வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான். வந்து நிற்கும் ஆட்கள் மட்டும் மாறுவார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் போலீஸ், கேரளத்தில் போலீஸோடு எக்சைஸ் என்ற கலால் துறையும், இரண்டு பக்கமும் மத்திய அரசின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமான என்.சி.பி.யும்.

அதன் 25-ஆம் பிரிவுதான் உங்களுக்கானது. ஒரு வீட்டின், அறையின், அடைப்பின், இடத்தின், வாகனத்தின் உரிமையாளரோ, அதில் இருப்பவரோ, அதைத் தன் கட்டுப்பாட்டிலோ உபயோகத்திலோ வைத்திருப்பவரோ, இந்தச் சட்டப்படியான குற்றத்தை இன்னொருவர் அங்கே செய்வதற்குத் தெரிந்தே இடம் கொடுத்தால், அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதுவே இவருக்கும். ‘வீடு எம்பேர்ல இல்ல’ என்பது இதனால் எடுபடாது. வாடகை வாங்குவது நீங்கள், மாடிச் சாவியின் இன்னொரு பிரதி இருப்பது உங்களிடம், தொட்டி கழுவ ஆள் விடுவது நீங்கள். கட்டுப்பாடு என்று சட்டம் சொல்வது இதைத்தான். பத்திரத்தில் பேர் இருந்தாலும் துபாயில் இருக்கும் மகனுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது என்றால், அவர்மீது இந்தப் பிரிவு நிற்பது கடினம்.

அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்பது எடையைப் பொறுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு; ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு, ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இரண்டுக்கும் நடுவில் 10 ஆண்டு வரை. இருபது கிலோவெல்லாம் மாடி ரூமில் எங்கே இருக்கப்போகிறது என்று நினைப்பீர்கள். ஆனால் கிராம் தராசு கஞ்சாவுக்கு மட்டும் வைக்கப்படுவதில்லை. எம்.டி.எம்.ஏ. என்ற போதைப் பொடிக்குச் சிறிய அளவு அரை கிராம், வணிக அளவு 10 கிராம். இரண்டு டீஸ்பூன் சர்க்கரை அளவுக்குப் பொடி இருந்தால் 20 கிலோ கஞ்சாவுக்கான அதே பத்தாண்டுக் கணக்கு. கலப்படம் செய்த பொடியாக இருந்தாலும் போதைச் சரக்கை மட்டும் பிரித்து எடை போடுவதில்லை. கலந்த மொத்த எடையே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹீரா சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

வணிக அளவு வழக்கில் 37-ஆம் பிரிவு வந்துவிடும். குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்றினால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகை போடப் போலீசுக்கு 180 நாள் வரை அவகாசம். கடைசியில் விடுதலை ஆகிவிடுவோம் என்ற நம்பிக்கை இருந்தாலும் அந்த ஆறு மாதம் சும்மா போவதில்லை.

‘தெரிந்தே’ என்ற ஒரு சொல்

வீட்டுக்காரரைக் காப்பதும் மாட்டிவிடுவதும் இந்தச் சொல்தான். 2011-இல் போலா சிங் வழக்கு, 2023-இல் ஹர்பஜன் சிங் வழக்கு, இரண்டும் லாரி உரிமையாளர்கள் சம்பந்தப்பட்டவை. வண்டி இவருடையது என்று காட்டினால் மட்டும் போதாது, போதைப்பொருள் ஏற்ற இவர் தெரிந்தே விட்டார் என்பதற்கான அடிப்படையை அரசுத் தரப்புதான் முதலில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வீட்டுக்கும் இதே நியாயம்தான். ஆகவே ‘மொதக் குத்தவாளி நீதான்’ என்பது உண்மையில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்புகளை நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாது. 35-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. குற்ற மனநிலை இருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். சாதாரணக் கிரிமினல் வழக்கில் அரசுத் தரப்புக்கு இருக்கும் சுமை இங்கே உங்கள் தலைக்கு மாறுகிறது. மேலும், அந்தப் பிரிவில் ‘குற்ற மனநிலை’ என்பதற்குள் நேரடியாகத் தெரிந்திருப்பது மட்டுமில்லை, நம்புவதற்குக் காரணம் இருப்பதும் அடங்கும்.

இப்போது உங்கள் கடிதத்தை ஒரு அரசு வக்கீல் எப்படிப் படிப்பார் என்று பாருங்கள். இரவு பைக் வருவதும் வேறு பெயரில் பார்சல் வருவதும் வெறும் சந்தேகம். இந்தக் காலத்துப் பையன்கள் நள்ளிரவில் பிரியாணிகூட வரவழைப்பார்கள். தராசும் ஜிப் கவரும் அப்படி இல்லை. அதைப் பார்த்தபின் நம்பக் காரணம் வந்துவிட்டது. கேட்காமலே ஆறாயிரம் கூட்டித் தந்த வாடகை அதைவிட மோசம். அதை வாங்கிக்கொண்டது வாயை மூடிக்கொள்வதற்கான கூலி என்று வாதாட ஒரு வக்கீலுக்கு ஐந்து நிமிடம் போதும். செடி விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஒருவர் நேரில் சொல்லியிருக்கிறார். அவரையே நாளைக்குச் சாட்சியாகக் கூப்பிடலாம்.

ஆகவே ‘தெரியாது’ என்ற தடுப்பு உங்களுக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி உங்களைக் காப்பது ‘தெரிந்ததும் என்ன செய்தேன், எந்தத் தேதியில்’ என்பதுதான். புரோக்கர் சொல்லும் ஒப்பந்த வரியை இதோடு வைத்துப் பாருங்கள். ‘சட்டவிரோதச் செயல் செய்யக்கூடாது’ என்ற வரி, குடிவரும் நாளில் உங்கள் எண்ணம் நல்லது என்று காட்டும், அவ்வளவே. மீறுவது தெரிந்தபின் சும்மா இருந்தால் அதே வரி உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

வீடு போகாது, வண்டி போகலாம்

60-ஆம் பிரிவு பறிமுதல் பற்றியது. அதில் வருவது போதைப்பொருள், அதோடு இருந்த சாமான், பொட்டலம், கொண்டுபோன வாகனம், விலங்கு. வாடகைக்காரர் பதுக்கி வைத்தார் என்பதற்காக வீட்டைப் பறிமுதல் செய்ய அதில் இடமில்லை. சொத்து முடக்கம் என்று செய்தியில் படிப்பது தனி அத்தியாயம். போதைக் கடத்தல் பணத்தில் சேர்த்த சொத்துக்கானது. உங்கள் கணவர் கட்டிய வீடு அதில் வராது. விசாரணைக்காக மாடி அறையைச் சில காலம் சீல் வைக்கலாம், மனுப்போட்டுத் திறக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் வாடகை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக்கூடாது என்றால், இன்றிலிருந்து அதை வாங்காதீர்கள். பழைய வாடகையை மட்டும் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த எக்ஸ்.எல். வண்டியைப் பற்றி. வாகனத்துக்குச் சட்டம் கடுமையாக இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் போதாது. தெரியாது, உடந்தையும் இல்லை, அப்படி நடக்காமல் இருக்கத் தேவையான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று அவரே நிரூபிக்க வேண்டும். இறந்தவர் பேரில் ஆர்.சி., சாவி ஆணியில் தொங்குகிறது, யார் கேட்டாலும் கொடுப்பது: இதில் எந்த முன்னெச்சரிக்கையைக் காட்டுவீர்கள்? சாவியை இன்றே பீரோவில் வைத்துவிடுங்கள். பையன்கள் கேட்டால் ‘இன்ஷூரன்ஸ் முடிஞ்சு போச்சு கண்ணு’ என்று சொல்லிவிடலாம், எக்ஸ்.எல்.களில் பாதிக்கு அது உண்மையாகவும் இருக்கும். படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை உங்கள் பேருக்கு மாற்றும் வேலையையும் தள்ளிப்போடாதீர்கள்.

தம்பி சொன்னதை ஏன் செய்யக்கூடாது

செடியைப் பிடுங்கும்போது அது உங்கள் கையில் இருக்கும். எரித்தால் தடயத்தை அழித்தல்; பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 238-ஆம் பிரிவு. யாராவது செல்போனில் படம் எடுத்திருந்தால் முடிந்தது. பையன்கள் அறைக்குள் போய் ஏதாவது பொட்டலத்தை எடுத்துக் கிணற்றில் போடலாம் என்ற யோசனை வந்தாலும் இதே பதில்தான். வீசி எறியும்வரை வைத்திருந்தவர் நீங்கள். சரக்கு யார் வசம் இருந்ததோ அவரே குற்றம் செய்தார் என்ற என்.டி.பி.எஸ். 54-ஆம் பிரிவின் அனுமானம் அந்த ஐந்து நிமிடத்துக்கும் பொருந்தும்.

பூட்டை மாற்றுவது, தண்ணீர், கரண்ட்டை நிறுத்துவது இரண்டும் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்துக்கு விரோதம். அவர்கள் வாடகை ஆணையத்தில் மனுப்போட்டால் சட்டத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதைவிட, பூட்டிய அறைக்குள் பின்னால் சரக்கு கிடைத்தால், ‘சாவி வீட்டுக்கார அம்மாகிட்டதான் இருந்துச்சு, நாங்க வைக்கல’ என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கிறது. இந்த ஒரு வாதத்துக்காகவே பூட்டைத் தொடக்கூடாது. பையன்கள் இல்லாதபோது இன்னொரு சாவியால் திறந்து உள்ளே பார்ப்பதும் வேண்டாம். மராமத்துக்கோ பார்வையிடவோ போக வேண்டும் என்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் விதி.

கூப்பிட்டு உட்காரவைத்து ‘ஏன் கண்ணு இப்படிப் பண்றீங்க’ என்று கேட்கவும் தோன்றும். கேட்காதீர்கள். அன்றிரவே எல்லாம் இடம் மாறும், உங்கள் தோப்புக்கே போனாலும் ஆச்சரியமில்லை. ரெய்டு வரும்போது ‘முன்னாடியே எச்சரிச்சவங்க’ என்ற பேரும் உங்களுக்குச் சேரும்.

முதலில் தோப்பு, பிறகு மாடி

இதில் வரிசை முக்கியம். தோப்புதான் அவசரம். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 46-ஆம் பிரிவுப்படி, நிலத்தில் கஞ்சாச் செடி இருந்தால் நிலத்துக்காரர் உடனடியாகப் போலீசுக்கோ எக்சைஸ் போன்ற துறை அதிகாரிக்கோ தகவல் கொடுத்தாக வேண்டும். தெரிந்தும் கொடுக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. இரண்டே செடிதானே என்பதும் இங்கே எடுபடாது. வைத்திருப்பதில் சிறிய அளவு, பெரிய அளவு உண்டு. வளர்ப்பதில் அது கிடையாது. ஒரு செடியோ நூறு செடியோ 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்ற ஒரே வரம்பு. தெரிந்தே வளரவிட்டால் 25-ஆம் பிரிவு வழியாக அது உங்களுக்கும் வரும். செடி கஞ்சாதானா என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. அப்படிச் சொல்கிறார்கள், வந்து பாருங்கள் என்று சொல்வதுதான் வேலை. தோப்பு கேரளத்தில் இருப்பதால் அந்தப் பகுதி எக்சைஸ் ரேஞ்ச் அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதலாம், சித்தூர்ப் பக்கம் தமிழ் புதிதில்லை.

பாட்டக்காரர் பெயரை மறைக்காதீர்கள். இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டப்படி நிலத்தைப் புதிதாகப் பாட்டத்துக்கு விடுவதே செல்லாது. வாய்ப்பேச்சுப் பாட்டத்தை நம்பி ‘நிலம் அவர் பொறுப்பில்’ என்று தப்ப முடியாது. சட்டத்தின் கண்ணில் நிலம் உங்கள் கையில்தான் இருக்கிறது. தேங்காய்ப் பணம் எப்படி வாங்கினீர்கள், சாவி எப்போது கொடுத்தீர்கள், மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுகிறார் என்று நடந்தது நடந்தபடி எழுதுங்கள்.

மாடி விஷயத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பெயர் சொல்லாமல் போன் செய்வது: தமிழ்நாட்டில் 10581, நாடு முழுதுக்கும் என்.சி.பி.யின் 1933. இதில் பையன்களுக்கோ அவர்கள் பின்னால் இருப்பவர்களுக்கோ நீங்கள் யாரென்று தெரியாது. ஆனால் நாளைக்கு நீங்கள்தான் தகவல் கொடுத்தீர்கள் என்று காட்ட உங்களிடமும் ஒன்றும் இருக்காது. இன்னொன்று, எழுத்தில் கொடுப்பது. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று 68-ஆம் பிரிவு சொல்கிறது. அது நல்ல பாதுகாப்புதான், முழுப் பாதுகாப்பு இல்லை. வீட்டுக்காரர் என்ற முறையில் வாடகை ஒப்பந்தத்தை நிரூபிக்க எப்படியும் உங்களைச் சாட்சியாகப் போடுவார்கள், பெயர் வெளியே வரும்.

உங்கள் நிலைமையில் எழுத்தில் கொடுப்பதையே சொல்வேன். வெளியாள் என்றால் போன் போதும். நீங்கள் 25-ஆம் பிரிவின் வாசலில் நிற்பவர், உங்களுக்குத் தேதியிட்ட காகிதம் வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனில் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் டி.எஸ்.பி.யிடமோ மாவட்டக் கண்காணிப்பாளரிடமோ கொடுங்கள். ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ, பிரதியில் சீலும் தேதியுமோ கேளுங்கள். ரகசியத் தகவலாக எடுத்துக்கொள்ளக் கோரும் ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

எழுதும்போது பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘மாடியில் போதை வியாபாரம் நடக்கிறது’ என்று எழுதாதீர்கள். ‘இந்தத் தேதி, இந்த நேரம், தண்ணீர்த் தொட்டி கழுவ மாடிக்குப் போனபோது திறந்திருந்த ஜன்னல் வழியாக மேஜைமேல் சிறிய எலக்ட்ரானிக் தராசும் ஜிப் கவர்களும் பார்த்தேன். உடன் வந்தவர் இன்னார். இந்தத் தேதிகளில் இந்தப் பெயர்களுக்குக் கூரியர் வந்தது. வாடகையை இந்த மாதத்திலிருந்து அவர்களாகவே கூட்டித் தந்தார்கள், இனி வாங்கவில்லை. எனக்குச் சந்தேகமாக இருப்பதால் தகவல் தருகிறேன்’. இவ்வளவுதான். தீய எண்ணத்தோடு வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்து ஒருவரைக் கைது செய்யவோ சோதனை போடவோ வைத்தால்தான் 58-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை தண்டனை. கண்டதைக் கண்டபடி சொல்லி, கடைசியில் அது மளிகைத் தராசாக இருந்தாலும் உங்கள்மீது குற்றமில்லை.

தகவல் கொடுத்தபின் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். எப்போது அனுப்பலாம் என்று அந்த அதிகாரியிடமே கேளுங்கள். அனுப்பும்போது போதை, கஞ்சா என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்க விருப்பமில்லை என்பது போதும். காலிசெய்யாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. கட்டடத்தைச் சட்டவிரோத காரியத்துக்குப் பயன்படுத்துவது 2017 சட்டத்தில் வெளியேற்றக் காரணங்களில் ஒன்று. மகனிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். வீடு அவர் பேரில் இருப்பதால், உங்களுக்கு அதிகாரம் தந்து அவர் ஒரு கடிதமாவது கொடுக்காமல் இந்த வேலைகள் நகராது.

ரெய்டு வந்தால்

தடுக்காதீர்கள், கதவைத் திறங்கள். சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை, அதிகாரம் பெற்ற அதிகாரி தன் காரணத்தை எழுதி வைத்துக்கொண்டு வாரன்ட் இல்லாமலே வீட்டைச் சோதிக்கலாம். இரவில் வருவதென்றால் வாரன்ட் வாங்க ஏன் நேரமில்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். உங்களை உடல் சோதனை செய்வதானால் பெண் காவலர்தான் செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன் சோதிக்கக் கேட்கும் உரிமையும் உண்டு.

பெரும்பாலும் தடுமாறும் இடம், சோதனையில் எது எங்கே கிடைத்தது என்று எழுதும் மகஜர். வீட்டுக்காரர் என்பதால் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்பார்கள். முழுதும் படித்துப் பாருங்கள், கண்ணாடி இல்லையென்றால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த அறை, எந்த அலமாரி, எத்தனை மணி என்பது சரியா? ‘மேற்படி வீட்டில்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், ‘முதல் மாடி, வாடகைதாரர் வசமுள்ள அறை’ என்று எழுதச் சொல்லுங்கள். கீழ்த்தளமும் மாடியும் ஒரே கதவெண்ணில் இருக்கும் வீடுகளில், இந்த ஒரு வரி இல்லாததால் சரக்கு யார் வசம் இருந்தது என்பதே குழம்பிப்போகும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

விசாரணைக்கு என்று சாட்சியாகக் கூப்பிட்டால் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும். போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்தும் கிடையாது. ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்ற மாதிரி எதையாவது எழுதிக் கையெழுத்துக் கேட்டால் வக்கீல் வரட்டும் என்று சொல்லுங்கள். அதிகாரிகள் 67-ஆம் பிரிவில் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020-இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது தமிழ்நாட்டு வழக்குதான். என்றாலும் கொடுக்காத வாக்குமூலத்தைப் பற்றி வாதாட வேண்டிய தேவையே வராது. உங்கள் பெயரையும் எஃப்.ஐ.ஆரில் சேர்க்கப்போவதாகத் தெரிந்தால் முன்ஜாமீனுக்கு ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

‘எம்பேரனாட்டம்’

இந்த வரியைப் படித்தால் உங்கள் தயக்கம் புரிகிறது. நான்கு பேரும் வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவன் விற்பான், ஒருவன் இழுப்பான், மற்ற இருவர் அறை வாடகைக்காகக் கண்டும் காணாமல் இருப்பார்கள். சட்டமும் இவர்களைப் பிரித்துத்தான் பார்க்கிறது. பயன்படுத்துவதற்கு மட்டும் 27-ஆம் பிரிவு. கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். அடிமையாகிவிட்டவன் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், அந்தக் குற்றத்துக்கும் சிறிய அளவுக் குற்றத்துக்கும் 64ஏ பிரிவு வழக்கிலிருந்தே விலக்குத் தருகிறது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய போதை மீட்பு உதவி எண் 14446. கேரளத்தில் எக்சைஸ் துறையின் ‘விமுக்தி’ போதை ஒழிப்புத் திட்டத்துக்கு 14405. ஆனால் இதையெல்லாம் பேச வேண்டியது தகவல் கொடுத்தபின், அதிகாரிகள் வந்து போனபின். அதுவரை வெளியூரிலிருந்து ‘இன்னொரு பையன் ரெண்டு நாள் தங்கிக்கட்டும்’ என்று கேட்டால் இடமில்லை என்றே சொல்லுங்கள். கடத்தலில் இருப்பவன் என்று தெரிந்து அடைக்கலம் கொடுப்பதற்கு 27ஏ பிரிவில் அளவு எதுவும் பார்க்காமல் குறைந்தது பத்தாண்டு.

வக்கீல் செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கோவை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100. போகும்போது முடிந்துபோன ஒப்பந்தம், பையன்களின் ஆதார் நகல், வாடகை எழுதிவைத்த நோட்டு, எக்ஸ்.எல். ஆர்.சி., தோப்பின் நிலவரி ரசீது எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். எக்சைஸில் கொடுத்த மனுவின் பிரதியும் அதோடு இருந்தால், வக்கீல் முதலில் கையை நீட்டிக் கேட்பது அதைத்தான்.